வால்வா? டிரான்சிஸ்டரா? ஜகதீச சந்திர போஸைக் கேட்போம்!

(இ.சி.இ. மூன்றாமாண்டு மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தாப்பா என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, எனக்கு யார் பெயருமே தோன்றவில்லை. அப்போது என் மண்டைக்குள் ஒரே ஒரு சண்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. வால்வா, டிரான்சிஸ்டரா?

விஷயம் இதுதான். இறுதியாண்டு பிராஜெக்டுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து, வீட்டில் பாட்டுக் கேட்கிற பழைய இசைத்தட்டு பிளேயருக்கு ஒரு பிரீ-ஆம்ப்ளிஃபையர் செய்வதாக முடிவெடுத்தோம். பிளேயர் எங்க பெரியப்பாவுடையது. கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று பல வருஷம் ரேடியோ செட்டு கட்டியவர் அவர். கரிசல் புழுதியில் மாட்டுவண்டி ஏற்றி வால்வு ஆம்ப்ளிஃபையரையும் குழாய் ஸ்பீக்கரையும் ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்திலேயே இன்னும் இருக்கிறார். வால்வு போடாத பெட்டியை என் வீட்டு வாசப்படி ஏற்றாதீங்க என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குரூப்பில் மற்ற மூன்று பேரும் ஐ.சி. கட்சி. அருங்காட்சியகத்துச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனா வைவாவில் மானம் போயிரும்டா என்கிறார்கள். நடுவில் நான்!

இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. வால்வுதான் முதலில் வந்தது, திடப்பொருள் எல்லாம் அப்புறம்தான் வந்தது என்று இரு தரப்பும் நம்பியது. பெரியப்பாவுக்கு அதனால் வால்வு உசத்தி. நண்பர்களுக்கு அதனாலேயே மட்டம். நூலகத்தில் ஒரு தேதி கண்ணில் படும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

1904 மார்ச் 29. அன்றைக்கு அமெரிக்காவில் 7,55,840 என்ற எண்ணுள்ள ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற படிகத்தை வைத்து மின் அலைகளைக் கண்டறியும் கருவி அது. இங்கிலாந்தில் ஃபிளெமிங் தம் டயோடு வால்வுக்கு விண்ணப்பித்தது அதே வருஷம் நவம்பர் 16. ஆக, படிகம்தான் அண்ணன், வால்வு தம்பி! அந்தப் படிகக் கருவியைச் செய்தவர் வெள்ளைக்காரர் இல்லை. கல்கத்தாவில் பிசிக்ஸ் பாடம் நடத்திய நம்ம நாட்டு வாத்தியார் ஜகதீச சந்திர போஸ். செடிக்கு உயிர் உண்டு என்று சொன்னவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். சண்டையை அவரிடமே கொண்டுபோவோம் என்று அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

பட்டறை பார்த்து வளர்ந்த பிள்ளை

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, இன்று வங்காளதேசத்தில் இருக்கும் பகுதியில். அப்பா பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருப்பவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளியில்தான் சேர்ப்பார்கள். இவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு மீனவர் மகனும், அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் பணியாளரின் மகனும். அவர்கள் சொன்ன மீன் கதை, பறவைக் கதை, ஆற்றுக் கதைகளில்தான் இயற்கை மீது ஆசை பிறந்தது என்று பின்னாளில் போஸே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்பா இன்னொரு காரியமும் செய்தார். இளைஞர்கள் கைத்தொழில் கற்க வேண்டும் என்று பட்டறைகள் தொடங்கினார். ஏழைகளுக்கு உதவ ஆரம்பித்த முயற்சிகள் சில நஷ்டத்தில் முடிந்து கடனும் ஏறியது. டிப்ளமோ படிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். உலகமே வியந்த விஞ்ஞானியின் வீட்டில் புத்தகத்துக்கும் பட்டறைக்கும் ஒரே மரியாதை இருந்தது.

கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் லாஃபோன் என்ற பாதிரியார் செய்முறைகளோடு நடத்திய பாடம் அவரை பிசிக்ஸ் பக்கம் இழுத்தது. 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடவில்லை. அறுவை அறை நெடி அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் படித்தார். ஒலியியல் மேதை ரேலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர்.

சம்பளம் தொடாத மூன்று வருஷம்

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு சொல்லியும் அதிகாரிகள் அரை மனதோடுதான் சேர்த்தார்கள். இந்தியனுக்கு விஞ்ஞானம் வராது என்பது அன்றைய வெள்ளை அதிகாரிகளின் எண்ணம். ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸ் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி, அதாவது மூன்றில் ஒரு பங்கு!

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஒன்று வாயை மூடிக்கொண்டு வாங்குவோம், இல்லாட்டி வேலையை விட்டுவிடுவோம். போஸ் இரண்டையும் செய்யவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், நல்லா பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருஷம்! வீட்டிலோ அப்பாவின் கடன். இதற்கு நடுவில் 1887-இல் கல்யாணம். மனைவி அபலா நம்ம சென்னையில் மருத்துவம் படிக்க வந்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் போனவர். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. வேலையை நிரந்தரமாக்கி, பழைய பாக்கியையும் சேர்த்து முழுச் சம்பளம் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

தகர வேலைக்காரரும் பேராசிரியரும்

அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று ஒன்று அவருக்கு இல்லை. கிடைத்தது ஒரு சின்ன அறை. கருவி செய்து கொடுக்க வந்தவர் உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவர். போஸ் படம் போட்டுக் கொடுக்க, அவர் வெட்டி, மடித்து, பற்றவைத்துக் கொடுத்தார். அந்த அறையில் பிறந்ததுதான் 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரைக்கும் போன மின் அலைகள். இன்றைய கணக்கில் சொன்னால் 60 கிகாஹெர்ட்ஸ். அலையை ஒரே திசையில் அனுப்ப ஹாரன் ஆன்டெனா செய்தார். அலையின் தளத்தைத் திருப்பிக் காட்டச் சணல் நாரை முறுக்கி வைத்தார்! நம்ம வாத்தியார் மைக்ரோவேவ் லேபில் காட்டும் சாமான்களுக்கு அதுதான் பூர்வீகம்.

1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன்னால் செய்து காட்டினார். ஒரு பக்கம் கிளம்பிய அலை, இடையில் இருந்த சுவர்களையும், அங்கே இருந்த லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டிப் போய், அந்தப் பக்கம் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. வெடியும் தீப்பெட்டியும் நமக்குப் புதுசா? ஆனால் கம்பியும் இல்லாமல் திரியும் இல்லாமல் பற்றவைத்தார் பாருங்கள், அதுதான் அதிசயம். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவரைக் கூப்பிட்டுப் பேசவைத்தது. 1894 முதல் 1896 வரை நடந்த இந்தச் சோதனைகளை மைல்கல் என்று அறிவித்து, ஐ.இ.இ.இ. அமைப்பு 2012-இல் கல்கத்தாவில் கல்வெட்டு வைத்திருக்கிறது.

களைத்துப்போன இரும்பு

இப்போதுதான் நம்ம சண்டைக்கு வருகிறோம். அலையை அனுப்பினால் போதாது, வந்து சேர்ந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள் போட்ட கோஹிரர் என்ற சாதனத்தை வைத்திருந்தார்கள். கல்கத்தாவின் ஈரமான காற்றுக்கு அது ஒத்துவரவில்லை. ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் மக்கர். போஸ் தூளைத் தூக்கி எறிந்துவிட்டு, சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை வரிசையாக அடுக்கி, அழுத்தத்தைத் திருகி அளவாக வைத்தார். பிறகு ஒவ்வொரு உலோகமாக, ஒவ்வொரு படிகமாக எடுத்து, வோல்ட்டேஜை ஏற்றி ஏற்றி மின்னோட்டத்தை அளந்து வரைபடம் போட்டார். பல பொருள்கள் ஓம் விதிக்குக் கட்டுப்படவில்லை!

நண்பர்களே, எலக்ட்ரானிக் டிவைசஸ் லேபில் முதல் சோதனை என்ன? டயோடின் வி-ஐ வரைபடம். பத்து ரீடிங் எடுக்கிறதுக்குள்ள பாதிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறோமே, அதே வேலையைத்தான் டயோடு என்ற பேரே இல்லாத காலத்தில் அந்த மனிதர் செய்துகொண்டிருந்தார். சில படிகங்களில் மின்சாரம் ஒரு பக்கம்தான் எளிதாகப் போகும் என்று பிரவுன் 1874-லேயே பார்த்திருந்தார். அதை மின் அலை பிடிக்கும் கருவியாக்கியது போஸ். படிகத்தைத் தொட்டு நிற்கும் ஒரு கூர்முனை. அவ்வளவுதான். வெளிச்சம் பட்டாலும் அந்தக் கருவி அசைந்தது. நம்ம ஊர்ச் சுற்றுவட்டாரக் காடுகளில் இன்று நிற்கிற சோலார் தகடுகளுக்கு அதுவும் ஒரு தூரத்துத் தாத்தா.

அப்படிக் கிடைத்த கருவியைக் காசாக்க ஆள் வந்தது. 1901-இல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி காப்புரிமைப் படிவத்தோடு தேடி வந்தார். பணம் நான் போடுகிறேன், லாபத்தில் ஆளுக்குப் பாதி என்றார். போஸ் மறுத்துவிட்டார். அறிவை விற்கத் தொடங்கினால் அந்த ஆசைக்கு முடிவே இருக்காது என்பது அவர் கொள்கை. சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் சகோதரி நிவேதிதாவும் விடாமல் வற்புறுத்தியதால்தான் 1901 செப்டம்பரில் அந்த ஒரு அமெரிக்க விண்ணப்பம் போனது. 1904-இல் கையில் கிடைத்த பிறகும் அதை வைத்து அவர் ஒரு காசு சம்பாதிக்கவில்லை. இந்த நிவேதிதா யார் தெரியுமா? நம்ம எட்டயபுரத்து பாரதியார் 1905 காசி காங்கிரசுக்குப் போய்த் திரும்பும் வழியில் சந்தித்து, குருவாக ஏற்றுக்கொண்ட அதே அம்மையார்தான். கல்கத்தா நமக்கு அவ்வளவு தூரம் இல்லை!

நானும் என் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அவர் காப்புரிமையைப் பயன்படுத்தியிருந்தால் நம் நாட்டில் அன்றே ஒரு தொழில் வளர்ந்திருக்குமோ என்று ஆதங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷம் சம்பளத்தையே தொடாத மனுஷனிடம் போய் நாம் கணக்குக் கேட்க முடியுமா?

அண்ணன் ஒதுங்கினார், தம்பி ஆண்டார்

பெரியப்பா கட்சிக்கும் நியாயம் உண்டு. போஸின் படிகம் அலையைக் கண்டுபிடிக்கும், பெரிதாக்காது. 1906-இல் லீ டி ஃபாரெஸ்ட் ஃபிளெமிங்கின் வால்வுக்குள் மூன்றாவதாக ஒரு மின்முனையை வைத்தார். அதுதான் டிரயோடு. சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் வேலையை வால்வுதான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. சுமார் 40 வருஷம் அதுதான் ராஜா. பிறகு 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் ஜெர்மானியம் படிகத்தின் மேல் கூர்முனைத் தொடர்புகளை வைத்து டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். மறுபடியும் படிகம், மறுபடியும் கூர்முனை! ரேடியோ அலை பிடிக்கக் குறைகடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்திய பெருமை போஸுக்கே என்று அந்த பிராட்டெயினே 1955-இல் ஒரு வரலாற்றுக் கட்டுரையில் ஒப்புக்கொண்டு எழுதினார். கேட்க போஸ் இல்லை. 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் காலமாகிவிட்டார்.

செடிக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர்

ரேடியோவை ஏன் விட்டார்? அதற்கும் அந்தக் கருவிதான் காரணம். தொடர்ந்து வேலை வாங்கினால் உலோகம் களைத்துப்போனது. ஓய்வு கொடுத்தால் தெம்பு வந்தது. இது உயிருள்ள தசை போலல்லவா இருக்கிறது என்று யோசித்தவர் செடிகளிடம் போனார். தொட்டாற்சுருங்கி, தொழுகண்ணி என்று ஒவ்வொன்றையும் தொட்டு, சூடு காட்டி, மருந்து கொடுத்து அளந்தார். 1901-இல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் பிசிக்ஸ்காரருக்கு இங்கே என்ன வேலை என்று எதிர்த்தார்கள். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. கருவி செய்தார்.

அதன் பெயர் கிரெஸ்கோகிராஃப். செடியின் வளர்ச்சியை நெம்புகோல்கள் மூலம் 10,000 மடங்கு பெரிதாக்கி, புகை படிந்த கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாக அதுவே எழுதும். பார்ப்பவர் கை படக் கூடாது, கருவியின் சொந்த உராய்வு கணக்கில் சேரக் கூடாது என்பதுதான் அவர் கவலை எல்லாம். யோசித்துப் பாருங்கள், இது ஒரு பிரீ-ஆம்ப்ளிஃபையர்தானே! சின்ன சிக்னலை வாங்கி, தன் சரக்கைச் சேர்க்காமல், பெரிதாக்கிக் கொடுப்பது.

1915-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் தம் பிறந்தநாளன்று சொந்த ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-இல் கிரெஸ்கோகிராஃப் மேல் லண்டனில் சந்தேகம் கிளம்பியபோது, பெரிய விஞ்ஞானிகள் கண்முன்னால் அதை இயக்கிக் காட்டினார். கருவி சரி என்று அவர்கள் பத்திரிகையிலேயே எழுதினார்கள். அதே வருஷம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. செடிகளைப் பற்றி அவர் சொன்ன முடிவுகளில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. இருந்தாலும் அளந்து காட்டுகிறேன் வா என்ற அந்தத் தைரியத்தை யாரும் மறுக்க முடியவில்லை.

சரி, எங்க பெட்டி என்ன ஆச்சு?

இதைப் படித்தபிறகு பழசா புதுசா என்ற கேள்வியே அடிபட்டுப் போனது. அளந்து பார்ப்போம் என்று முடிவாயிற்று.

இசைத்தட்டு முள்ளிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை 100 மடங்கு போலப் பெருக்க வேண்டும். இசைத்தட்டு வெட்டும்போது கீழ்ச் சுரங்களைக் குறைத்து மேல்ச் சுரங்களைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். 1954-இல் பொது அளவாக வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு அது. பிரீ-ஆம்ப் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய வேண்டும். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் 1 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பாட்டு சரியாக வரும். வால்வா ஐ.சி.யா என்பதைவிட முதலில் காது கண்டுபிடிப்பது இதைத்தான்.

பெரியப்பாவிடம் இருந்த 12 ஏ.எக்ஸ்.7 வால்வை வைத்து ஒன்று, என்.இ. 5532 ஐ.சி. வைத்து ஒன்று, இரண்டும் செய்தோம். வால்வுக்கு 250 வோல்ட் வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும், தொட்டால் ஆளையே தூக்கிவிடும். அதனால் லேப் வாத்தியார் பக்கத்தில் நிற்காமல் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஐ.சி.க்கு இரு பக்கமும் 15 வோல்ட் போதும். கோடைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்ட் ஏறி இறங்கினாலும் ரெகுலேட்டர் அதை எளிதாகப் பிடித்துவிடும். வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் டங் என்று கேட்டது. ஐ.சி. அசையவில்லை.

பெரியப்பா சொல்லும் அந்த இனிமை பொய்யா? பொய் இல்லை. டிரயோடு சேர்க்கும் பிழையில் இரண்டாம் ஹார்மோனிக் அதிகம். அது அதே சுரத்தின் மேல்ஸ்தாயி. பாட்டோடு ஒட்டிக்கொள்வதால் காதுக்குப் பிழையாகவே தெரியாது, இதமாக இருக்கும். சிக்னல் அளவு மீறினாலும் வால்வு மெல்ல மழுங்கும், ஐ.சி. சடாரென்று வெட்டும். ஆனால் அளவு மீறாமல் ஓட்டினால் ஐ.சி. சேர்க்கும் பிழை மிக மிகக் கொஞ்சம். இனிமை வேண்டுமா, உள்ளது உள்ளபடி வேண்டுமா, கேள்வி இதுதான்.

கடைசியில் வேட்டியைத் திரையாகக் கட்டி, இரண்டுக்கும் ஒலி அளவை மீட்டர் வைத்துச் சமமாக்கினோம். கொஞ்சம் சத்தம் கூடினாலே அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும், அதற்காக. மாற்றி மாற்றிப் போட்டோம். பெரியப்பா சில தடவை சரியாகச் சொன்னார், சில தடவை ஐ.சி.யை வால்வு என்றார். பாட்டு முடிந்து முள் தூக்கிய அமைதியில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வால்வுப் பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் ஹம் லேசாக முனகியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய், பரணில் இருந்த தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூசி தட்டி இறக்கி, உங்க புதுப் பெட்டியை இதுக்கு முன்னால மாட்டுங்கடா என்றார்.

இன்று எங்க வீட்டில் அப்படித்தான் பாடுகிறது. முன்னால் ஐ.சி., பின்னால் வால்வு, அண்ணனும் தம்பியும் ஒரே கூரையில்! நீங்கள் செய்வதாக இருந்தால், புதிதாகக் கட்டும் பிரீ-ஆம்புக்கு ஐ.சி. அல்லது டிரான்சிஸ்டர்தான் என் சிபாரிசு. செலவு குறைவு, ஆபத்து இல்லை, இரைச்சல் குறைவு. வீட்டில் நன்றாக ஓடுகிற வால்வு செட் இருந்தால் அதை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். 12 ஏ.எக்ஸ்.7 இன்றும் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனாவில் தயாராகிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் யார் சொன்னார் என்று பார்க்காமல் அளந்து தேர்ந்தெடுங்கள். சின்ன அறையும் ஒரு தகர வேலைக்காரரும் போதும் என்று உலகத்துக்குக் காட்டியவர் போஸ். நமக்கு அதைவிட நல்ல லேப் இருக்கிறது. அடுத்த தடவை வி-ஐ வரைபடம் எடுக்கும்போது, பக்கத்து நோட்டைப் பார்க்காமல் அந்தப் பத்து ரீடிங்கையும் நாமே எடுப்போமே!